சென்னையின் பழைய கல்லறைகள்: கல் ஓரிடம், உடல் ஓரிடம்

புதுப்பேட்டை வாசகன் எழுதியது:

உயர் நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்துக்கு அருகே, கூம்பி மேலே போகிற ஒரு கல்லறைத் தூண் நிற்கிறது. வழக்கு வேலையாக அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வண்டிகளுக்கு நடுவே, கேட்பாரற்று நிற்கும். 2023-ல் அதை வேறு இடத்துக்கு மாற்றும்படி உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி உத்தரவிட்டார். அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட அந்தக் கல்லறை தடையாக இருக்கிறது என்பதுதான் வழக்கின் அடிப்படை.

அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. நீதிமன்ற வளாகத்துக்குள் கல்லறை எப்படி வந்தது? ஒன்று இருந்தால் பக்கத்தில் பல இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவை எங்கே போயின? இந்த நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டங்கள், மயானங்கள், கபர்ஸ்தான்கள் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பேய்க்கதைகள் வேண்டாம், அவற்றுக்கு வேறு இழை இருக்கிறது.

கோட்டைக்கிளி எழுதியது:

நல்ல கேள்வி. கல்லறை அங்கே வரவில்லை ஐயா, நீதிமன்றம்தான் கல்லறைகளின் மேல் வந்தது.

கம்பெனி காலத்து ஆங்கிலேயர்களின் முதல் இடுகாடு அதுதான். கொய்யாத் தோட்டம் என்று பெயர். கோட்டைக்கு வடக்கே பழைய கறுப்பர் நகரம் இருந்த காலம் அது. அதன் ஓரத்தில் இந்தத் தோட்டம். இறந்தவர் பணக்காரராக இருந்தால் மேலே கோபுரம், கூர்ந்த தூண், வளைவு என்று ஆளுயரத்தைத் தாண்டிக் கட்டினார்கள். செத்த பிறகும் யார் உயரம் என்ற போட்டி.

அந்த உயரம்தான் வினையாயிற்று. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மெட்ராஸை முற்றுகையிட்டார். கோட்டையிலிருந்து வந்த குண்டுகளுக்கு மறைவிடமாக பிரெஞ்சுப் படைக்கு இந்தக் கல்லறைகள் பயன்பட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை முறிந்தது. இன்னொரு தடவை இப்படி நடக்கக்கூடாது என்று ஆங்கிலேயர் தங்கள் தாத்தா பாட்டிகளின் கல்லறைகளைத் தாங்களே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துப் பொறித்த பலகைக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுபோய், புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தளவரிசையாகப் பதித்தார்கள். உடல்கள் கொய்யாத் தோட்டத்து மண்ணிலேயே விடப்பட்டன.

கோட்டைக்குப் போனால் நீங்களே பார்க்கலாம். தேவாலயம் 1680 அக்டோபரில் திருநிலைப்படுத்தப்பட்டது. ஆனால் வெளியே காலடியில் கிடக்கிற கற்களில் ஒன்றில் எலிசபெத் பேக்கர் என்ற பெயரும் 1652 என்ற ஆண்டும் இருக்கும். அவர் கோட்டையின் முதல் பிரசிடென்ட் ஆரன் பேக்கரின் மனைவி. கோவில் கட்டுவதற்கு 28 ஆண்டுகளுக்கு முந்தைய கல் கோவில் முற்றத்தில் எப்படிக் கிடக்கும்? வேறிடத்திலிருந்து வந்தால்தான் கிடக்கும். ஆங்கிலக் கற்களோடு லத்தீன், போர்த்துகீசிய, ஆர்மீனிய எழுத்துள்ள கற்களும் கலந்து கிடக்கின்றன. அந்த மனிதர்கள் உயிரோடு இருந்தபோது இவ்வளவு நெருக்கமாக ஒரே முற்றத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இடிப்பிலிருந்து தப்பியவற்றில் ஒன்றுதான் நீங்கள் சொல்கிற தூண். அதில் இரண்டு பேர். ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரி 1680-ல் இறந்தார். அவர் மனைவி கேத்தரினை அதே ஆண்டு நவம்பரில் மணந்தவர் எலிஹு யேல். அந்தக் கோவிலின் பதிவேட்டில் உள்ள முதல் திருமணம் அதுதான். இவர்களுக்குப் பிறந்த டேவிட் நான்கு வயது நிரம்பும் முன்பே போய்விட்டான். தாயின் முதல் கணவர் கிடந்த இடத்திலேயே பிள்ளையையும் வைத்தார்கள். யேல் 1687 முதல் 1692 வரை மெட்ராஸ் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கல்லும் உடலும் ஒரே இடத்தில் இருக்கிற பழைய கல்லறைகள் மிகக் குறைவு. அந்தத் தூண் அப்படி நிற்கிற ஒன்று. அதையும் நகர்த்திவிட்டால் கோட்டை முற்றத்தில் இன்னொரு கல் கூடும், அவ்வளவுதான்.

செங்கற்சூளை எழுதியது:

கோட்டைக்கிளி ஐயா, விவரங்களுக்கு நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. யேல் கவர்னராக இருந்த காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த மனிதரின் பிள்ளைக்கு 330 ஆண்டுகளுக்கும் மேலாகக் கல் நிற்கிறது, அதைக் காக்க மத்தியத் தொல்லியல் துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கப்பலேறியவர்களுக்கு என்ன இருக்கிறது? இதே கறுப்பர் நகரத்தில் நெசவு செய்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், படகு வலித்தவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று எந்தக் கல் சொல்கிறது?

"நகரத்தின் பழைய கல்லறைகள்" என்று தலைப்பிட்டுவிட்டு வெள்ளைக்காரர் கல்லறைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அது நகரத்தின் வரலாறு ஆகாது.

தீவுத்திடல் மேரி எழுதியது:

செங்கற்சூளை தம்பி கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்ல வேறு சிலர் வருவார்கள். நான் எனக்குத் தெரிந்த இடத்தைச் சொல்கிறேன்.

கொய்யாத் தோட்டத்தை இடித்த பிறகு, 1760-களில் ஆங்கிலேயர் தீவுத்திடலில் புதிய இடம் பிடித்தார்கள். பல்லவன் சாலையில், சென்ட்ரல் பக்கம் போகும்போது மதிலுக்குள் இருக்கிறதே, அதுதான் புனித மரியாள் கல்லறைத் தோட்டம். கூவம் பக்கத்தில் ஓடுகிறது. உள்ளே போனால் பழைய பகுதியில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பெரிய பெரிய மேடைகள். கல்வெட்டுப் பலகை விழுந்த மேடைகளில் உள்ளே இருப்பது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அரச மரம் வேர் விட்டு ஒரு மேடையை இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேரை வெட்டினால் மேடை சரியும், விட்டால் இன்னும் பிளக்கும். பராமரிப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயத்துக் கல்லறைத் தோட்டம் தொடங்கிய விதமும் கேட்க வேண்டியது. பேராலயம் 1815-ல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் தாமஸ் டி ஹாவிலாண்ட். அவர் மனைவி எலிசபெத் 1818-ல் இறந்தபோது அங்கே அடக்கம் செய்யப்பட்டார், அதுதான் அந்தத் தோட்டத்தின் முதல் அடக்கம். கோவிலைக் கட்டியவர் வீட்டிலிருந்தே முதல் சவம்.

இன்று நம் ஜனங்களுக்குத் தெரிந்தது கீழ்ப்பாக்கமும் காசிமேடும்தான். இரண்டும் ஒரே வாரியத்தின் கீழ். கீழ்ப்பாக்கத்தில் புதுக்குழிக்கு இடமில்லை. குடும்பக் கல்லறை ஏற்கெனவே இருந்தால், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்த பிறகு அதையே திறந்து அடுத்தவரை வைக்கிறார்கள். என் மாமியாரை வைத்தபோது மாமனாரின் எலும்புகளை ஒரு துணியில் கட்டி அதே குழியின் ஓரத்தில் வைத்தார்கள். கான்கிரீட்டில் அடுக்கு அறைகளும் கட்டியிருக்கிறார்கள். கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2, வந்து பாருங்கள். ஒரே கல்லில் மூன்று தலைமுறைப் பெயர்கள், நான்காவதற்குக் கீழே இடம் விட்டிருப்பார்கள்.

சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கு அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய க்விபிள் தீவு. அங்கும் இதே நெருக்கடிதான்.

மூலக்கொத்தளத்தாள் எழுதியது:

செங்கற்சூளை அண்ணன் கேட்ட கேள்விக்கு வடசென்னையிலிருந்து பதில்.

மூலக்கொத்தளம் மயானம் இந்த நகரத்தின் பெரிய இடுகாடுகளில் ஒன்று. உழைக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போயிருக்கிறார்கள். அங்கே நிற்கிற கற்கள் இரண்டு பேருக்காக எல்லோருக்கும் தெரிந்தவை: நடராசன், தாளமுத்து. 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தி வந்தபோது மறியல் செய்து சிறை போனவர்கள். 1939 ஜனவரியில் நடராசன் காவலில் இறந்தார், மார்ச்சில் தாளமுத்து. எழும்பூரில் உள்ள பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கட்டடத்துக்கு அவர்கள் பெயர்தான். அந்த மாளிகைக்குள் தினமும் போய்வருகிற எத்தனை பேருக்கு அவர்கள் உடல் மூலக்கொத்தளத்தில் கிடப்பது தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மயான நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட அரசு முற்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் பலர் அந்த இரண்டு சமாதிகளுக்காகத்தான் பேசினார்கள். என் பாட்டியும் அந்த மண்ணில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கல் இல்லை. மண்ணைக் குவித்து, பால் தெளித்து, பூ வைத்தோம். அடுத்த மழையில் மேடு கரைந்தது. சில ஆண்டுகளில் அதே இடத்தில் வேறொருவர் வந்திருப்பார். எங்களுக்கு அதில் வருத்தமில்லை, முறையே அப்படித்தான். ஆனால் கல் இல்லாத இடத்தைக் காலி இடம் என்று கோப்பில் எழுதும்போதுதான் வயிறு எரிகிறது.

ஓட்டேரியும் வேலங்காடும் கிருஷ்ணாம்பேட்டையும் அப்படித்தான். பாரதியார் 1921 செப்டம்பரில் இறந்தபோது திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கிருஷ்ணாம்பேட்டையில்தான் எரித்தார்கள். கூட வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள்.

இன்னொன்று, இது கோட்டைக்கிளி ஐயாவின் கட்சிக்கு வலு சேர்க்கும். தங்கசாலைத் தெருவில் யூதர்களின் இடுகாடு இருந்தது. பவளமும் வைரமும் விற்க வந்த போர்த்துகீசிய யூதர்கள். பவளக்காரத் தெரு இன்னும் இருக்கிறது, பவளம் விற்றவர்கள் இல்லை. அந்தக் கற்களில் எஞ்சியவற்றைத் தங்கசாலையிலிருந்து காசிமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 1983-ல் அங்கிருந்தும் பெயர்த்து லாயிட்ஸ் சாலையில், அதாவது இன்றைய அவ்வை சண்முகம் சாலையில், ஒரு சிறிய மதிலுக்குள் வைத்தார்கள்.

கோட்டைக்கிளி எழுதியது:

மூலக்கொத்தளத்தாள் அம்மா, யூதர் கற்களின் பயணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம்.

சாந்தோமில் தொடங்குங்கள். மரபின்படி அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை அது. ஆனால் அதே மரபு, அவருடைய எலும்புகளின் பெரும்பகுதி எடெஸ்ஸாவுக்கும், அங்கிருந்து கியோஸ் தீவுக்கும், 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போயின என்கிறது. இந்த நகரத்தின் மிகப் புகழ்பெற்ற கல்லறையிலேயே உடல் ஊரை விட்டுப் போய்விட்டது.

தாமஸ் மன்றோ நேர்மாறு. கவர்னராக இருந்தபோது 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு ஒரே நாளில் இறந்தார். குத்தி என்ற ஊரில் புதைத்தார்கள். 1831-ல் எடுத்துவந்து கோட்டைத் தேவாலயத்தில் வைத்தார்கள். தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற மன்றோவைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதன் அடியில்தான் அவர் கிடக்கிறார் என்று நினைக்கிறார்கள்.

ஆர்மீனியன் தெருவுக்கு வருவோம். தேவாலயம் 1712-ல் கட்டப்பட்டது, 1772-ல் இப்போதைய இடத்தில் எழுந்தது. அந்த இடம் ஆர்மீனியர்களின் இடுகாடாக இருந்தது. முற்றத்திலும் தாழ்வாரத்திலும் சுமார் 350 கல்லறைகள் தரையோடு தரையாக. நடந்துதான் போக வேண்டும், வேறு வழியில்லை. அங்கே கிடப்பவர்களில் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியன் ஒருவர். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-ல் வெளியிட்டவர். ஆர்மீனியாவில் அல்ல, இங்கே ஜார்ஜ் டவுனில். அவர் கல்லுக்கு மட்டும் தனி மரியாதை உண்டு.

சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தை 1726-ல் தன் காசில் கட்டிக்கொடுத்த கோஜா பெட்ரூஸ் உஸ்கானும் ஆர்மீனியர்தான். பரங்கிமலைப் படிகளும் அவர் கொடை. 1751-ல் இறந்தார், அடக்கம் வேப்பேரியில். இதயத்தை மட்டும் பாரசீகத்தின் ஜுல்பாவுக்கு அனுப்பும்படி உயிலில் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடக்கூடாது. புல்வெளியும் ஒரே அளவுக் கற்களும் வரிசையாக, ஊரிலேயே ஒழுங்காக இருக்கிற இடம் அதுதான். இரண்டாம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது 1952-ல்தான் உருவானது. தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் தனித்தனியே கிடந்தவர்களை, அங்கே தொடர்ந்து பராமரிக்க முடியாது என்று எடுத்துவந்து இங்கே சேர்த்தார்கள். இங்கு மட்டும் கல்லும் புதிது, இடமும் புதிது, உடல்தான் பழையது.

வாலாஜா தெரு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். உடல் இடம் மாறிய பட்டியலில் ஒருவரை விட்டுவிட்டீர்கள். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. சேப்பாக்கத்தில் மாளிகை கட்டி, திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசல் எழுப்பிய குடும்பம். 1795-ல் மெட்ராஸில் மௌத் ஆனார். ஆனால் அவர் கபர் இருப்பது திருச்சியில், நத்தர்வலி தர்காவில்.

பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானவர்களில் பஹ்ருல் உலூம் என்று பெயர் பெற்ற ஆலிம் அப்துல் அலி இருக்கிறார், 1810-ல் மறைந்தவர். 1972-ல் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த நாளில் எல்லாக் கட்சித் தலைவர்களும் போர்வை போர்த்த வருவதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பொதுவான மையவாடியில் நிலைமை வேறு. கபரின் மேல் கட்டடம் எழுப்புவதை மார்க்க அறிஞர்கள் பலர் விரும்புவதில்லை. தலைமாட்டில் ஒரு சிறு கல், சில நேரம் ஒரு செடி. ராயப்பேட்டைக் கபர்ஸ்தானில் என் வாப்பாவின் கபரை ஒரு வேப்பமரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறோம். ஒரு புயலில் அந்த மரத்தின் பாதி முறிந்தது. மீதி இருக்கிற வரை எங்களுக்குக் கவலையில்லை.

அதனால் மூலக்கொத்தளத்துச் சகோதரி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கல் இல்லாததால் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் ஆகிவிடாது. வக்ஃப் நிலங்களில் எங்களுக்கும் இதே அனுபவம்.

ராயபுரத்தில் பார்சிகளுக்கும் தனி அடக்கத் தோட்டம் உண்டு. பம்பாயைப்போல் இங்கே அவர்களுக்கு அமைதிக் கோபுரம் இல்லை, மண்ணில்தான் அடக்கம்.

செங்கற்சூளை எழுதியது:

> அதையும் நகர்த்திவிட்டால் கோட்டை முற்றத்தில் இன்னொரு கல் கூடும்

எல்லாவற்றையும் படித்தேன். இப்போது என் எதிர்ப்பு கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, ஆனால் போகவில்லை. நூற்றுக்கணக்கான கற்களை ஆங்கிலேயர்களே பெயர்த்துப் போட்டார்கள், யூதர் கற்கள் இரண்டு முறை பெயர்ந்தன, உலகம் அழியவில்லை. மூலக்கொத்தளத்தில் மண்மேட்டோடு சேர்த்து நிலமே போகப் பார்த்தது. ஹின்மர்ஸ் தூணுக்கு மட்டும் ஏன் இந்த அக்கறை? தினமும் ஆயிரக்கணக்கில் வழக்காளிகள் வந்துபோகிற இடத்தில் வண்டி நிறுத்த இடமில்லாமல் அல்லாடுகிறார்கள். உயிரோடு இருப்பவன் வெயிலில் நிற்க வேண்டும், 1680-ல் இறந்தவருக்கு நிழல் வேண்டுமா?

கறுப்பு அங்கி எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் சில வரிகள். நானும் அந்த வளாகத்தில் வண்டி நிறுத்த அலைகிறவன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் அந்தத் தூண் அடைத்துக்கொண்டிருக்கிற சதுர அடிகளில் இல்லை. தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டிய பகுதி. எனவே ஒரு சிறுவனின் கல்லறை நீதிமன்ற வளாகத்தின் பெரும்பகுதியில் கட்டுமானத்தை நிறுத்திவைக்கிறது. கல்லறையை நகர்த்தச் சொல்வதற்குப் பதில், எல்லாச் சின்னத்துக்கும் ஒரே 100 மீட்டர் என்ற விதியைத்தான் திருத்த வேண்டும் என்பது என் எண்ணம். தஞ்சைப் பெரிய கோவிலுக்கும் இந்தத் தூணுக்கும் ஒரே அளவுகோல் எதற்கு?

செங்கற்சூளை நண்பருக்கு: கல் வைத்தவனுக்கு மட்டும்தான் சட்டம் என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் புதைப்பதற்கான உரிமை பற்றியும் இந்த ஊர் நீதிமன்றம் பேசியிருக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகள் போதும்.

2018 ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி மறைந்தார். மெரினாவில் அண்ணா சமாதி அருகே இடம் கேட்டார்கள். சட்டச் சிக்கல்களைச் சொல்லி அரசு மறுத்தது, கிண்டியில் காந்தி மண்டபம் பக்கம் நிலம் தருவதாகச் சொன்னது. அன்றிரவே வழக்கு, நள்ளிரவைத் தாண்டி விசாரணை, மறுநாள் காலை அனுமதி. கடற்கரையில் 1969-ல் அண்ணாவோடு தொடங்கிய அந்த வரிசை 1987-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா என்று நீண்டு அன்று நான்காவது சமாதிக்கு வந்தது. கொய்யாத் தோட்டத்தில் யார் தூண் உயரம் என்று போட்டி இருந்ததாகக் கோட்டைக்கிளி எழுதியிருக்கிறார். மெரினாவைப் பார்க்கிறவர்களுக்கு அது பழைய செய்தியாகத் தோன்றாது.

இரண்டாவது, 2020 ஏப்ரல். கொரோனாவில் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய முடியவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டுபோன வழியில் கும்பல் கூடி ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. கடைசியில் உடன் பணிபுரிந்த ஒரு மருத்துவர் நள்ளிரவில் மண்வெட்டி எடுத்து மண் தள்ள வேண்டியிருந்தது. கண்ணியமான அடக்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து பேசியது. சில நாட்களில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது: தொற்றுநோயில் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை.

மருத்துவரின் மனைவி கேட்டது ஒன்றுதான். கணவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்ற வேண்டும். அதற்காக நீதிமன்றப் படி ஏறினார். எனவே இடம் மாற்றுவது எப்போதும் அவமதிப்பு என்றும் சொல்ல முடியாது. யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த அம்மையார் கேட்டதும் வாகன நிறுத்தத்துக்காகக் கேட்பதும் ஒன்றல்ல.

கோட்டைக்கிளி எழுதியது:

கடைசிப் பத்திக்கு என் கைதட்டல்.

செங்கற்சூளை தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்கிறபடி கப்பலேற்றப்பட்டவர்களுக்குக் கல் இல்லை, உண்மை. யேல் தூணை அகற்றினால் அவர்களுக்குக் கல் வந்துவிடுமா? அந்தத் தூண் அங்கே நிற்பதால்தான் நீங்கள் இன்று யேலைப் பற்றியும் அடிமைகளைப் பற்றியும் இந்த இழையில் எழுதினீர்கள். தூணுக்குப் பக்கத்தில் ஒரு தகவல் பலகை வைக்கட்டும், அதில் அந்தக் கவர்னர் காலத்து அடிமை ஏற்றுமதியையும் எழுதட்டும். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

செங்கற்சூளை எழுதியது:

பலகை வைத்தால் நானும் போடுகிறேன். மூலக்கொத்தளத்துக்கும் ஒன்று வேண்டும், நடராசன், தாளமுத்து பெயரோடு நின்றுவிடாமல், "இந்த நிலம் முழுவதும் இடுகாடு" என்று.

நெறியாளர் எழுதியது:

யேல் பற்றிய விவாதம் இதோடு போதும் என்று நினைக்கிறேன். கையெழுத்து இயக்கம் தொடங்குவதானால் தனி இழை திறக்கவும்.

புதுப்பேட்டை வாசகன் எழுதியது:

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி. நடைமுறைக் கேள்வி ஒன்று. என் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா ரயில்வேயில் கார்டாக இருந்தவர், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்திருக்கிறார். கல்லறை எது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

தீவுத்திடல் மேரி எழுதியது:

கல்லறைத் தோட்டத்தில் தொடங்காதீர்கள் தம்பி, கோவிலில் தொடங்குங்கள். அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ரயில்வேக்காரர் என்றால் பெரம்பூர், வேப்பேரி, ராயபுரம் பக்கத்துச் சபைகளில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்து அடக்கப் பதிவேட்டில் இறந்த நாள், அடக்க நாள், பெயர், வயது, தொழில், இறப்புக்குக் காரணம், அடக்கம் செய்துவைத்த குருவின் கையெழுத்து எல்லாம் கட்டம் போட்டு இருக்கும். தாளைத் தொட்டால் பொடியாகிற நிலையில் சில இருக்கும். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோவில் பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள், வாரநாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் யாரும் திறந்து காட்ட மாட்டார்கள்.

கோட்டைக்கிளி எழுதியது:

மேரி அம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்கள் தங்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகலை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. 1698 முதலான அந்த நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்கள்தான் அதில் மிகுதி. உங்கள் கொள்ளுத்தாத்தா தமிழ்ச் சபையில் இருந்திருந்தால் உள்ளூர்ப் பதிவேடுதான் கதி.

கல்வெட்டுகளுக்கு ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-ல் தொகுத்த பட்டியல் இருக்கிறது. மாகாணம் முழுவதும் கிடந்த கல்லறைக் கற்களின் வாசகங்களைக் குறிப்புகளோடு அச்சிட்டிருக்கிறார். ஆனால் அது பெரிய மனிதர்களின் பட்டியல், ரயில்வே கார்டுகளை அதில் தேட வேண்டாம்.

மூலக்கொத்தளத்தாள் எழுதியது:

மாநகராட்சி மயானங்களிலும் பதிவேடு உண்டு. ஆனால் பழையவற்றைக் கேட்டால், வெள்ளத்தில் போயிற்று, கரையான் தின்றது என்று ஏதாவது ஒரு பதில்தான் வரும். என் பாட்டிக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம். கல் இல்லாதவர்களுக்கு அந்தக் காகிதம்தான் கல். ஆகவே தம்பி, பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், அதை லேமினேட் செய்து எழுத்தை அழித்துவிட வேண்டாம்.

புதுப்பேட்டை வாசகன் எழுதியது:

வேப்பேரியில் தொடங்குகிறேன். போகிற வழியில் உஸ்கானையும் பார்த்துவிட்டு வருகிறேன். கோட்டைத் தேவாலயத்து முற்றத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

கறுப்பு அங்கி எழுதியது:

பார்க்கலாம். தலைமைச் செயலகம் இருக்கிற வளாகம் என்பதால் வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டை எடுத்துப் போங்கள். பேக்கர் கல்லைத் தேடுவதானால் காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் போங்கள். உச்சிவேளையில் தேய்ந்த எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது.